வெள்ளியும் வியாழனும் எல்லை தாண்டியபோது

நாகமலைப் புதுக்கோட்டையில் மாலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் வேளையில், மேற்கு வானில் அசையாது நிற்கும் ஒரு வெளிச்சத்தை யாராவது ஒருவர் சுட்டிக்காட்டுவதை நாம் பலமுறை கண்டதுண்டு. அவனியாபுரத்துக்கு அப்பால் தரையிறங்கும் விமானங்களின் விளக்குகள் நமக்குப் பழக்கமானவை. அவை நகரும், மினுக்கும், மறையும். இதுவோ அப்படியே நிற்கிறது. ஆளில்லா விமானம் என்கிறான் ஒரு சிறுவன். செயற்கைக்கோள் என்கிறான் மற்றொருவன். அவர்களுடைய பாட்டிதான் வழக்கைத் தீர்த்துவைத்தார்: "அது வெள்ளிடா. ஒங்க ஆத்தா பொறக்குறதுக்கு முந்தியே அது அங்கனதான் நிக்கிது."

அந்தப் பாட்டியைப் போல ஒருவர் 2012ஆம் ஆண்டில் லடாக்கின் பனிமலைக் காவல் நிலையங்களில் இருந்திருப்பாரானால், நமது படையின் ஆறு மாத உழைப்பு மிச்சமாகியிருக்கும். இப்படிச் சொல்வது எளிது. ஆனால் நடந்ததை முழுவதும் அறிந்தபின் நமக்குச் சிரிப்பைவிட வேறோர் உணர்வே மேலோங்குகிறது.

காஷ்மீரத்துக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் பாங்காங் என்னும் உப்பு நீர் ஏரி கிடக்கிறது. நீளம் சுமார் 134 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி சீனத்தின் கட்டுப்பாட்டிலும் எஞ்சியது நம் வசத்திலும் இருக்கிறது. இடையில் வேலியில்லை, கல்லில்லை. அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு என்று பெயர். அந்தக் கோடு எங்கே செல்கிறது என்பதிலேயே இரு நாடுகளுக்கும் உடன்பாடில்லை. ஏரியின் தென்கரைப் பகுதியில் தாக்குங் என்னும் காவல் நிலையம் உண்டு. 2012 ஆகஸ்ட் முதல் அங்கே காவல் புரிந்த நம் வீரர்களும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் ஒரு விந்தையைக் காணத் தொடங்கினர். சீனப் பக்கத்து அடிவானிலிருந்து மஞ்சள் நிற ஒளியுருண்டை ஒன்று எழும். மெல்ல வானில் ஏறும். மணிக்கணக்காகத் தென்பட்டு மறையும். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மாலை ஆறு மணியளவில் தோன்றி விடியற்காலை ஐந்து மணிவரை நிற்கும். மற்றொன்று விடியற்காலை நான்கு மணிக்குத் தோன்றி முற்பகல் பதினொரு மணியளவில்தான் கண்ணுக்கு மறையும்.

வீரர்கள் கண்டதையெல்லாம் பதிவேட்டில் குறித்தார்கள். 2013 பிப்ரவரி வரை 329 முறை அவ்வொளிகள் காணப்பட்டதாகக் கணக்கு. அவற்றுள் 155 முறை அவை கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டதாகவும் எழுதப்பட்டது.

இதன் பொருளை நாம் உணர வேண்டும். 1996ஆம் ஆண்டு இந்தியாவும் சீனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அக்கோட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் போர் விமானங்களோ உளவு விமானங்களோ பறக்கலாகாது. ஆகவே ஆளில்லா உளவு விமானம் 155 முறை உள்ளே வந்தது என்றால், அது 155 உடன்படிக்கை மீறல்கள். அந்த ஆண்டும் சாதாரண ஆண்டன்று. 1962ஆம் ஆண்டுப் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவு அக்டோபரிலும் நவம்பரிலும் நாடெங்கும் பேசப்பட்டது. தாக்குங்கிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ரெசாங் லா கணவாயில்தான் மேஜர் சைத்தான் சிங்கும் அவருடைய குமாவோன் படைப்பிரிவின் வீரர் நூற்றுக்கும் மேற்பட்டோரும் 1962 நவம்பர் 18 அன்று உறைபனியில் போரிட்டு மடிந்தார்கள். அந்த நினைவோடு, அந்தக் குளிரில், அந்த இருட்டில் கிழக்கு நோக்கி நிற்கும் இளைஞனின் கண்ணுக்கு எதிரியின் மலைக்கு மேல் எழும் விளக்கு வேறு எதுவாகத் தோன்றும்?

படைத்தலைமை வெறுங்கையோடு இருக்கவில்லை. அந்நாளில் இதழ்களில் வெளிவந்த செய்திகளின்படி, ஏரிக்கருகே ஒரு மலையுச்சிக்கு ரேடார் கருவியைக் கொண்டுசென்றார்கள். ரேடாரில் ஒன்றும் அகப்படவில்லை. ஒளி வீசும் பொருள் ஏதேனும் வானொலி அலை அனுப்புகிறதா என்று அறியும் கருவியைப் பொருத்தினார்கள். எந்த அலையும் வரவில்லை. நம் ஆளில்லா விமானம் ஒன்றையே அதை நோக்கி ஏவிப் பார்த்தார்கள். அது தன்னால் இயன்ற உயரம்வரை ஏறியது. ஒளியோ கைக்கெட்டாமல் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

ரேடாரில் அகப்படவில்லை என்றவுடன் எழுந்த முடிவு என்ன தெரியுமா? 'அப்படியானால் அது உலோகத்தால் செய்யப்பட்டதன்று' என்பதே. கிடைக்காத எதிரொலியும் எதிரியின் திறமைக்குச் சான்றாகிவிட்டது. நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் கவனத்துக்குரியதாகப் படுவது இந்த இடந்தான். அச்சம் ஒருமுறை குடியேறிவிட்டால் மௌனமும் அதற்குச் சாட்சி சொல்லும். குடும்பங்களிலும் பங்குகளிலும் நாம் இதைக் கண்டதில்லையா? ஒருவர் வணக்கம் சொன்னால் உள்நோக்கம் என்போம். சொல்லாவிட்டால் ஆணவம் என்போம்.

உண்மையில் அந்த ரேடார் தேடிய பொருள்களுள் ஒன்று குறைந்தது அறுபது கோடிக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அது வியாழன். மற்றொன்று வெள்ளி.

இந்த விடையைக் கண்டவர்கள் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள். இவர்களுக்கும் விடை முதல் நாளிலேயே கிடைத்துவிடவில்லை. ஏரிக்குத் தெற்கே ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரில் உள்ள ஹான்லே வானாய்வகத்திலிருந்து 2012 செப்டம்பரில் ஒரு குழு வந்து பார்த்ததாகவும், இவை கோள்களல்ல என்று கருதியதாகவுங்கூட அன்றைய இதழ்கள் எழுதின. பின்னர் அந்நிறுவனம் முறையாக ஆராய்ந்து தந்த முடிவு 2013 ஜூலையில் கொல்கத்தாவின் 'தி டெலிகிராப்' நாளிதழ் வழியாக வெளியுலகுக்குத் தெரிந்தது. இவை விண்ணுலகப் பொருள்களா, மண்ணுலகப் பொருள்களா என்று பிரித்தறிவதே தங்களுக்கு இடப்பட்ட பணி என்று வானியலாளர் துஷார் பிரபு அவ்விதழிடம் கூறியிருந்தார். அவர்கள் கையாண்ட வழி மிக எளியது. ஒளியை மலைமுகட்டோடு ஒப்பிடாமல் பின்னணியில் உள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விண்மீன்களோடு சேர்ந்தே நகருமானால் அது வானத்துக்குரியது. தனிவழி போகுமானால் மனிதன் விட்டது. இவ்விரு ஒளிகளும் வானத்தோடு சேர்ந்தே நகர்ந்தன.

வீரர்கள் ஏமாந்தது எப்படி? பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை கிழக்கிலிருந்து மேற்கே திரும்புகிறது. கிழக்கே சீனப் பக்கம். மேற்கே நம் பக்கம். ஆதலால் எழுகின்ற ஒவ்வொரு விண்மீனும் ஒவ்வோர் இரவும் சீனத்திலிருந்து இந்தியாவுக்குள் எல்லை தாண்டியே தீரும்! மேலும் விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக எழும். ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகிவிடும். வியாழனும் ஏறக்குறைய இந்தக் கணக்கை ஒட்டியே செல்கிறது. கடிகாரத்தை மட்டும் பார்த்துக் குறிப்பவனுக்கு எதிரி தன் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றிக்கொள்கிறான் என்றே எண்ணத் தோன்றும். அம்மலையில் காற்று மெலிந்தது, தூசியற்றது. அங்கே வெள்ளி காட்டும் ஒளியைச் சமவெளி ஊர்களில் வளர்ந்தவர்கள் ஒருநாளும் கண்டிருக்கமாட்டார்கள். கதிரவன் எழுந்த பின்னும் வெள்ளி தெரியும் என்பது நம்மில் பலருக்கும் புதுச் செய்தியாகவே இருக்கும். அந்த டிசம்பர் 3 அன்று வியாழன் கதிரவனுக்கு நேர் எதிர்த்திசையில் நின்று, இரவு முழுவதும் காணக்கூடியதாய், தன் முழுப் பொலிவோடு விளங்கிற்று.

வெள்ளியைப் பற்றி ஒரு சிறு செய்தி. 2012 ஜூன் 6 அன்று காலையில் கதிரவன் முகத்தில் ஒரு கரும்புள்ளி ஊர்ந்து சென்றதே, அதே வெள்ளிதான் இது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து நம் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்த்தார்கள். இனி 2117ஆம் ஆண்டில்தான் அக்காட்சி மீண்டும் வரும். அந்நிகழ்ச்சிக்குப் பின் வெள்ளி காலை வானுக்கு மாறிற்று. அதாவது ஜூனில் நாடே போற்றிய கோள், ஆகஸ்டில் லடாக்கில் ஒற்றனாகக் குறிக்கப்பட்டது.

இதைத் தீர்த்துவைத்த நிறுவனம் நம்மவர்க்கு அந்நியமன்று. அதன் வேர் சென்னையில் 1786ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வானாய்வகத்தில் இருக்கிறது. தாதுவருடப் பஞ்சம் தென்னகத்தை வாட்டியபின், மழைக்கும் கதிரவனில் தோன்றும் புள்ளிகளுக்கும் தொடர்புண்டோ என்று ஆராயும் எண்ணம் ஆள்வோர்க்கு எழுந்தது. அதன் பயனாகக் கொடைக்கானலில் 1899ஆம் ஆண்டு கதிரவ ஆய்வகம் அமைந்தது. நம் மதுரைச் சமவெளிக்கு மேற்கே எழும் பழனிமலைத் தொடரின்மீது நின்று நூறாண்டுகளுக்கும் மேலாகக் கதிரவனைப் படமெடுத்து வரும் நிலையம் அது. ஹான்லேயில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் தமிழரின் நினைவாக வைத்த பெயர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஒரு துறவியைச் சந்திக்கிறோம். 1689ஆம் ஆண்டு டிசம்பரில் இயேசு சபைக் குரு ழான் ரிஷோ புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்தார். வால்மீன் என்றால் அரசர்க்குக் கேடு, நாட்டுக்குப் போர் என்று உலகமே நடுங்கிய காலம் அது. அவரோ அதன் இடத்தைக் குறித்துக்கொண்டே, அருகில் இருந்த ஒளிமிக்க விண்மீன் ஒன்றையும் உற்று நோக்கினார். அது ஒன்றன்று, இரட்டை என்று கண்டார். ஆல்ஃபா சென்டாரி என்று இன்று வழங்கும் விண்மீன் அதுவே. மே மாத இரவுகளில் நம் ஊரிலிருந்தும் தெற்கே தாழ்வாக அதைக் காணலாம். இந்திய மண்ணில் தொலைநோக்கி கொண்டு நிகழ்ந்த தொடக்கக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று, ஒரு குருவானவரின் பொறுமையால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

வெள்ளி, வியாழன் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும் தமிழருக்குப் புதிதன்று. நமக்கு அருகேயுள்ள திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையில் ஓரிடத்தில் உறங்கும் தோழியை எழுப்பும்போது, வெள்ளி கிழக்கே வந்துவிட்டதையும் வியாழன் மறைந்துபோனதையும் காட்டிப் பொழுது புலர்ந்தது என்கிறார். அக்குறிப்பைக் கொண்டே அவர் வாழ்ந்த காலத்தைக் கணிக்க அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். தாக்குங் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்று தோன்றுகிறது, ஐந்து மணிக்கு மற்றொன்று மறைகிறது. அதே காட்சிதான். நீராடப் புறப்பட்ட மகளிர்க்கு நாழிகை சொன்ன ஒளிகள், காவல் நின்ற வீரனுக்குப் பகைவனின் விளக்குகளாயின. நம் தாத்தாமார் ஏற்றம் இறைக்க எழுந்ததும் வெள்ளி முளைத்த நேரத்தில்தானே? மன்றாட்டுமாலையில் தேவதாயை நாம் ஒப்பிடுவதும் விடியற்காலத்து விண்மீனுக்கல்லவா? வானத்தைப் பார்த்து நேரம் சொல்லும் வழக்கம் நம்மிடமிருந்து எப்போது போயிற்று என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

நம் படையை மட்டும் குறைசொல்ல வேண்டாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகர்மீது 1942 பிப்ரவரியில் ஓரிரவு, ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன என்று எண்ணி 1,400க்கும் மேற்பட்ட குண்டுகளை வானை நோக்கிச் சுட்டார்கள். ஒரு விமானமும் விழவில்லை, ஒன்றும் வந்திருக்கவுமில்லை. 1948 ஜனவரி 7 அன்று கெண்டக்கி மாநிலத்தில் தாமஸ் மாண்டல் என்னும் 25 வயது விமானி, வானில் கண்ட ஒளிப்பொருளைத் துரத்திக்கொண்டு பிராணவாயுக் கருவியின்றி மேலே மேலே ஏறி, மயங்கி, விமானம் நொறுங்கி உயிரிழந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்று விமானப்படை முதலில் அறிவித்தது. பிறகு, கடற்படை இரகசியமாகப் பறக்கவிட்ட பெரும் பலூனாகவே இருக்கலாம் என்பது தெரியவந்தது. ஆக, அவசரத்தில் சொல்லப்படும் விளக்கமும் பிழையாகலாம். 1947 முதல் 1969 வரை அந்நாட்டு விமானப்படை இத்தகைய செய்திகள் 12,618ஐத் திரட்டி ஆராய்ந்தது. 701க்கு விடை காணவில்லை என்று ஒப்புக்கொண்டே ஏட்டை மூடிற்று. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின்மேல் ஏதோ பறப்பதாகச் செய்தி வந்து, நிலையத்தைச் சில மணி நேரம் மூடி, இரண்டு ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

ஆயுதம் தாங்கியவர் விண்ணொளியைப் புலன்விசாரித்த வரலாறுகளில் நம் நினைவுக்கு முதலில் வர வேண்டியது மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். ஆண்டுதோறும் திருக்காட்சி விழாவில் அதை வாசிக்கக் கேட்கிறோம். ஆயினும் ஞானிகள் கொணர்ந்த பொன்னிலும் தூபத்திலும் நம் கருத்துச் சென்றுவிடுவதால், ஏரோது நடத்திய விசாரணையைக் கவனிக்கத் தவறுகிறோம். அவன் ஞானிகளை மறைவாக அழைக்கிறான். விண்மீன் தோன்றிய காலத்தை நுணுக்கமாகக் கேட்டறிகிறான். ஒரு வானியலாளன் கேட்கவேண்டிய கேள்விதான் அது. ஆனால் கிடைத்த விடையைக்கொண்டு அவன் போட்ட கணக்கு, இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் என்பது. பெத்லகேமுக்கு ஆள்கள் போனார்கள். விண்மீன் தோன்றிய நாளே அக்குழந்தைகளைப் பிரித்தெடுக்கும் அளவுகோலாயிற்று.

அவ்விண்மீன் எது என்பதுபற்றிப் பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1603ஆம் ஆண்டின் இறுதியில் வியாழனும் சனியும் நெருங்கி நின்றதைக் கண்ட கெப்ளர், கணக்கிட்டுப் பின்னோக்கிச் சென்று, கி.மு. 7ஆம் ஆண்டிலும் அவ்விரண்டும் நெருங்கி வந்ததை எடுத்துக்காட்டினார். கி.மு. 2ஆம் ஆண்டில் வெள்ளியும் வியாழனும் ஒன்றுபோலத் தோன்றும்படி அணுகியதைச் சிலர் சுட்டுகிறார்கள். திருச்சபை இவற்றுள் எதையும் விசுவாசப் பொருளாக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. ஆயினும் தாக்குங்கில் ஒற்றர்களாகக் குறிக்கப்பட்ட இவ்விரு கோள்களையே, கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்டியிருக்கலாம் என்று படித்தவர் சிலர் கருதியிருக்கிறார்கள் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏரோது கேட்டது மறைவில். அவன் கேட்டபோதே முடிவு செய்திருந்தான். லடாக்கில் நம் படையினர் ஐயத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் உண்மையான ஐயத்தோடு கேட்டார்கள். 329 முறை கண்டும் ஒருமுறையும் அவ்வொளிகளின் பெயரால் அண்டை நாட்டின்மீது துப்பாக்கி நீட்டப்படவில்லை. தங்கள் ரேடாரும் தங்கள் விமானமும் சொல்லாததை, தொலைநோக்கி வைத்திருக்கும் வேறொரு கூட்டத்தாரிடம் போய்க் கேட்டார்கள். சீருடையணிந்த அமைப்பொன்று, 'எங்களுக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்' என்று சொல்வது சிறிய செயலன்று. விடை வந்தபோது உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி செய்தவர்களுள் எத்தனை பேர் அன்றிரவு வெளியே வந்து வெள்ளி எது, வியாழன் எது என்று காட்டியிருப்பார்களோ, தெரியாது.

அப்படியென்றால் அச்சமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பதிவேடு முடிந்து இரண்டு மாதமாவதற்குள், 2013 ஏப்ரலில், அதே லடாக்கின் டெப்சாங் சமவெளியில் சீன வீரர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மூன்று வாரம் இரு தரப்பும் எதிரெதிரே நின்றபின் மே மாதம் விலகினார்கள். வானத்தில் இல்லாத எதிரி தரையில் இருந்தான். ஏழாண்டுகள் கழித்து, 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கி சுடாமலே, கல்லாலும் கழியாலும் மோதி நம் வீரர் இருபது பேர் உயிர்விட்டார்கள். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பின்னர் வீர் சக்ரா விருது வழங்கி நாடு அவரைப் போற்றியது. அவருடைய உடல் நம் மதுரை விமான நிலையத்துக்குத்தான் வந்து இறங்கியது. கொரோனா ஊரடங்கு நாட்கள் அவை. நாகமலையிலிருந்து நாம் எந்நாளும் காண்கிற விமான விளக்குகளுள் ஒன்றாகவே அதுவும் இறங்கியிருக்கும்.

கோள்களின் நிலையைக் கணித்துப் பார்த்தால் தெரிகிறது: கல்வானில் அந்த இரவிலும் பொழுது போனபின் வியாழன் கிழக்கே எழுந்தது. விடிவதற்குச் சற்று முன் வெள்ளியும் எழுந்தது.